நாலு இருபது வண்டி

மணி நாலு இருபத்தைந்து ஆகிவிட்டது. வண்டியைக் காணோம்.

கல்லூரி வாசலுக்கு எதிரே, ரோட்டோரம் முள்ளும் பொடி இலையுமாக ஓர் உடைமரம். அதன் அடியில் ஐம்பது அறுபது பேர் நின்றுகொண்டிருந்தோம். உடைமரத்து நிழலைப் பற்றிக் கரிசல்காட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெயிலைச் சல்லடையில் சலித்துத் தலையில் போடும், அவ்வளவுதான். முந்தின வாரம் பெய்த மழையில் ரோட்டோரம் குழைந்து கிடந்தது. எல்லோர் செருப்பிலும் அரைக் கிலோ மண் ஒட்டியிருந்தது.

மற்ற நாட்களில் அந்த இடத்தில் நம் பேச்சு நமக்கே கேட்காது. அன்றைக்குக் காக்கை கரைவது கேட்டது. நான் பாடம் எடுத்த இரண்டாம் ஆண்டு விலங்கியல் வகுப்புப் பேச்சியம்மாள், ரெக்கார்டு நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கோவில்பட்டித் திசையையே பார்த்து நின்றாள். சாயங்கால வெயில் நேரே கண்ணில் அடித்தது. அவள் முகத்தைத் திருப்பவில்லை.

என் பக்கத்தில் எங்கள் முதல்வர். கார் வைத்திருந்தவர். அந்த நிறுத்தத்தில் அவர் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும், கைக்குட்டையால் கழுத்தைத் துடைப்பதுமாக இருந்தார்.

அன்று ஒண்ணாந்தேதி. அந்த வண்டி இனிமேல் ஓடுமா ஓடாதா என்பது, அது வந்தால்தான் தெரியும். வராவிட்டால் பேச்சியும், நாகலாபுரம் வழியில் வருகிற இன்னும் முப்பது பெண்களும் மறுநாளிலிருந்து கல்லூரிக்கு வரமாட்டார்கள்.

ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, பயமாகத்தான் இருந்தது.

மணி அடித்தால் கலையும் கல்லூரி

அதற்கு முன்னால் எங்கள் கல்லூரியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். போன வாரம் இந்தப் பகுதியில் தவளைகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "இது என்ன கல்லூரி, தவளையைத் தவிர வேறு யாரும் அங்கே தங்குவதில்லையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கேலிக்குக் கேட்டிருக்கிறார். ஆனால் அதுதான் உண்மை.

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற ரோட்டில், ஊரும் இல்லாத காடும் இல்லாத ஓர் இடத்தில் எங்கள் கல்லூரி இருந்தது. விடுதி கிடையாது. கழுகுமலை, எட்டயபுரம், நாகலாபுரம் என்று எல்லாப் பக்கமிருந்தும் பிள்ளைகள் பஸ்ஸில் வருவார்கள், பஸ்ஸில் போவார்கள். நாலு மணிக்குக் கடைசி மணி அடித்தால் நாலு அஞ்சுக்கு வளாகத்தில் வாட்ச்மேனும் காக்கைகளும்தான்.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள் அவை. கையில் போன் கிடையாது. படிப்பு முடிந்து போன பிள்ளை போனதுதான். சான்றிதழ் வாங்க ஒரு நாள் வரும், அப்புறம் கல்யாணப் பத்திரிகை வந்தால் உண்டு.

எங்கள் முதல்வருக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. நல்ல மனிதர். ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருந்தது. சென்னையில் ஏதோ கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்தவர், நம் பிள்ளைகளுக்குக் கல்லூரிப் பற்று இல்லை, அதை நாம்தான் ஊட்ட வேண்டும் என்று ஆரம்பித்தார். கல்லூரிக்கு ஒரு பாட்டு எழுதப்பட்டது. ஆண்பிள்ளைகளுக்குக் கழுத்தில் கட்டும் டை, பெண்களுக்குச் சட்டையிலோ தாவணியிலோ குத்த ஒரு பேட்ஜ்.

பாட்டின் முதல் இரண்டு வரிக்கு மேல் யாருக்கும் தெரியாது. டை மட்டும் உபயோகப்பட்டது. எதற்கு என்றால், சீட்டுப் பிடிக்க. எங்கள் பக்கம் பஸ்ஸில் இடம் பிடிப்பது ஜன்னல் வழியாகத்தான். துண்டையோ பையையோ உள்ளே வீசிவிட்டால் அந்த இடம் நமக்கு. பையன்கள் நிறுத்தத்துக்கு வந்ததும் டையைக் கழற்றிச் சுருட்டிக் கையில் வைத்துக்கொள்வார்கள். வண்டி நிற்பதற்குள் பத்து டை ஜன்னல் வழியாக உள்ளே பறக்கும். இதை நான் முதல்வரிடம் சொல்லவில்லை. மனசு வரவில்லை.

வளைவும் கேசரியும்

அடுத்த வருடம் தரம் பார்க்க ஒரு குழு வருவதாகத் தகவல் வந்தது. அவர்கள் கேட்கும் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது: முன்னாள் மாணவர்கள் கல்லூரிக்கு அளித்த பங்களிப்பு. எங்களிடம் முன்னாள் மாணவர் சங்கமே கிடையாது. ஆசிரியர் கூட்டத்தில் முதல்வர் இதைச் சொன்னபோது, "நம்ம பிள்ளைங்க கூப்பிட்டா வராமலா போயிருவாங்க?" என்று நான் சும்மா சொல்லி வைத்தேன். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியின் கதைதான். கூட்டம் முடியும்போது சங்கத்தின் அமைப்பாளர் நான்.

முதல்வருக்கு வாசலில் ஒரு வளைவு கட்ட வேண்டும் என்று ஆசை. பெயர் எழுதிய பெரிய சிமெண்ட் வளைவு. அதற்கு நன்கொடை கேட்டு, பழைய சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து முகவரி பார்த்து, முந்நூறு அழைப்பிதழ் எழுதினேன். பந்தல் போட்டோம். கோவில்பட்டியிலிருந்து சமையல்காரரை வரவழைத்து ஒரு பெரிய சட்டி நிறைய கேசரி. எல்லோருக்கும் வசதியாக இருக்கட்டும் என்று ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வைத்தோம்.

பத்து மணிக்கு யாரும் வரவில்லை. பதினோரு மணிக்கும் வரவில்லை. பதினொன்றரைக்கு எட்டயபுரத்துப் பக்கமிருந்து ஓர் எக்ஸ்பிரஸ் வண்டி வந்தது. ஜன்னல்களில் ஐந்தாறு பேர் கையை நீட்டி எங்களைப் பார்த்து ஆட்டினார்கள். ஏதோ கல்யாணக் கோஷ்டி போல, பந்தலைப் பார்த்து உற்சாகமாகிவிட்டார்கள் என்று நினைத்து நானும் கையை ஆட்டினேன். முதல்வரும் ஆட்டினார். மதியம் கோவில்பட்டிப் பக்கமிருந்து திரும்பிப் போன வண்டியிலும் சிலர் கை காட்டினார்கள். அதற்கும் ஆட்டினோம்.

ஒரு மணி வரை ஒரு முன்னாள் மாணவர் கூட வரவில்லை. முதல்வர் காரில் ஏறிப் போனார். திங்கட்கிழமை முதல் பீரியடில் எல்லா வகுப்புக்கும் கேசரி. யாருக்குப் பிறந்தநாள் என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

கண்டக்டர் சொன்னது

அன்று சாயங்காலம் என் மொபெட்டை வாட்ச்மேனிடம் ஒப்படைத்துவிட்டு நாலு இருபது வண்டியில் ஏறினேன். வேறு வேலை ஒன்றுமில்லை. யாராவது ஒரு பழைய மாணவரைப் பிடித்து, ஏன் வரவில்லை என்று நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்க வேண்டும் என்று ஓர் ஆத்திரம்.

அந்த வண்டியின் கண்டக்டர் ஆறுமுகச்சாமி. பதினைந்து வருடமாக அதே தடம். பிள்ளைகள் அவரைக் கண்டக்டர் அண்ணாச்சி என்பார்கள். நான் ஞாயிற்றுக்கிழமைக் கதையைச் சொல்லச் சொல்ல, அவர் டிக்கெட் புத்தகத்தை விரலில் தட்டிக்கொண்டே கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை நம்ம வண்டி கிடையாதே மேடம். காலேஜ் இல்லாத நாள்ல இந்த ட்ரிப்பே இல்ல. அன்னைக்கு மத்த வண்டி எதுவும் இங்கன நிக்காது. எதுல வருவாங்கன்னு நினைச்சீங்க?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது. கல்லூரியில் அத்தனை ஆசிரியர்கள். பாதிப் பேர் டவுனிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவர்கள். மீதிப் பேருக்கு ஞாயிற்றுக்கிழமை பஸ் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகிற பிள்ளைகளை, பஸ் இல்லாத நாளில் கூப்பிட்டிருக்கிறோம். ஒருவருக்குக்கூட அது தோன்றவில்லை.

எட்டயபுரம் பஸ் ஸ்டாண்டில் வண்டி பத்து நிமிடம் நிற்கும். எதிரே ஒரு மளிகைக் கடையைக் காட்டி, "அங்கன போய்க் கேளுங்க, உங்க பிள்ளைதான்" என்றார் ஆறுமுகச்சாமி. கடைக்காரர் தங்கராஜ், எங்கள் வணிகவியல் முதல் செட். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். ஆனால் முகத்தில் சிரிப்பில்லை.

"என்ன மேடம், நாங்க நிறுத்தச் சொல்லிக் கத்துதோம், நீங்க கை காட்டுதீங்க. சரி, திரும்பி வாரப்பவாவது யாரும் வந்து வண்டியை மறிப்பாங்கன்னு பாத்தா, அப்பவும் கை காட்டுதீங்க."

ஆறு பேர் வந்திருக்கிறார்கள். எக்ஸ்பிரஸ் கல்லூரியில் நிற்கவில்லை. கோவில்பட்டி வரைக்கும் கொண்டுபோய் இறக்கிவிட்டிருக்கிறான். அங்கே ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். கல்யாணக் கோஷ்டி!

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சமாதானமாகி, கடலை மிட்டாய் ஒரு பொட்டலம் கொடுத்தார். வளைவுக்கு நன்கொடை கேட்டு எழுதியிருந்ததைப் பற்றியும் மறைக்காமல் சொன்னார்.

"வளைவுக்குன்னா மனசு வரல மேடம். அந்த வாசல்ல நான் நின்னதே கிடையாது. மூணு வருசமும் நின்னது உடைமரத்தடியிலதான்."

பை நிறையக் காற்று

அதே வண்டியில் நாகலாபுரம் வரை போய்த் திரும்பி வரும் வழியில்தான் ஆறுமுகச்சாமி அந்தச் செய்தியைச் சொன்னார். நாலு இருபது ட்ரிப்பை நிறுத்தப் போகிறார்கள். டெப்போவில் பட்டியல் போட்டாயிற்று. வசூல் இல்லை.

படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போகிற வண்டிக்கு வசூல் இல்லையா என்று எரிச்சலாகக் கேட்டேன். தொங்குகிறவர்கள் எல்லோரும் மாதப் பாஸ் என்றார். பாஸ் பணம் வேறு கணக்கில் போய்விடும், இந்த ட்ரிப்பின் பையில் விழாது. டிக்கெட் வாங்குகிற ஜனம், காலேஜ் பிள்ளைகள் கூட்டத்தில் யார் நசுங்குவது என்று, பத்து நிமிடம் முன்னால் கிளம்பும் தனியார் வண்டியில் பாட்டுக் கேட்டபடி எட்டயபுரம் போய்விடுகிறது. அப்புறம் அங்கிருந்து கிடைத்த வண்டியில் தொற்றிக்கொள்கிறது.

"வண்டி நிறைய ஆளு, பை நிறையக் காத்து" என்றார் ஆறுமுகச்சாமி.

பெண்பிள்ளைகளால் அப்படித் தொற்றிக்கொண்டு போக முடியாது. நாகலாபுரம் பக்கம் அடுத்த வண்டி ஏழு மணிக்குத்தான். செய்தி இரண்டு நாளில் ஊர்களுக்குப் போய்விட்டது. மூன்றாம் நாள் பேச்சியின் அப்பா கல்லூரிக்கே வந்தார். ஆடு மேய்க்கிறவர். ஆய்வகத்து வாசலில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை. ஃபார்மலின் நெடிக்கு மூக்கைச் சுளித்துக்கொண்டே பேசினார்.

"ஏழு மணி வண்டின்னா ஊருக்கு வர எட்டரை ஆயிரும் டீச்சரம்மா. ரோட்டுல இருந்து கம்மாக்கரையோட ஒரு மைலு நடக்கணும். ராத்திரி நான் எவன் காட்டுலயாவது கிடை போட்டு ஆட்டோட கிடப்பேன். இவளை யாரு போய்க் கூட்டியாருவா? வண்டி இருந்தாப் படிக்கட்டும். இல்லைன்னா தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வாசலுக்கே வருது, அதுல வேலைக்குப் போகட்டும்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. பேச்சி உள்ளே மேஜையருகே நின்று, கையில் இருந்த ஸ்லைடைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அது எப்போதோ சுத்தமாகிவிட்டது.

இந்தப் பேச்சி காலையில் எழுந்து ஐந்து கட்டுத் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிவிட்டுத்தான் வண்டி ஏறுவாள். விரல் இடுக்கில் காய்ந்த பசை இருக்கும். எங்கள் வகுப்பில் கரப்பான்பூச்சியின் நரம்பு மண்டலத்தை அறுந்து போகாமல் எடுத்துக் காட்ட அவள் ஒருத்தியால்தான் முடிந்தது. எனக்கே சில நாள் அறுந்துவிடும்.

டிக்கெட் எடுப்பதும் நன்கொடைதான்

முதல்வரும் நானும் டெப்போவுக்குப் போனோம். அங்கிருந்த மேலாளர் கெட்டவர் இல்லை. மேலே இருந்து வந்த உத்தரவு, வசூல் கூடினால் நிறுத்த மாட்டோம், இரண்டு மாதம் பார்ப்போம் என்றார். எவ்வளவு கூட வேண்டும் என்று கேட்டேன். ட்ரிப்புக்கு நாற்பது டிக்கெட்டாவது முழு தூரத்துக்கு விழ வேண்டும் என்றார். அப்போது விழுந்துகொண்டிருந்தது ஏழோ எட்டோ.

அன்று இரவு படுத்தால் தூக்கம் வரவில்லை. தங்கராஜ் சொன்னது திரும்பத் திரும்ப வந்தது. மறுநாள் மீண்டும் அவர் கடைக்குப் போனேன். சரக்கு எடுக்க வாரம் எத்தனை தடவை கோவில்பட்டி வருவீர்கள், எந்த வண்டியில் திரும்புவீர்கள் என்று கேட்டேன். வாரம் இரண்டு தடவை வருவாராம். திரும்புவது அந்தப் பாட்டு போடும் வண்டியில்.

"இனிமே நம்ம வண்டியில வாங்க தங்கராஜ். டிக்கெட் எடுத்து வாங்க. வளைவும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். நீங்க காலேஜுக்குச் செய்யுற நன்கொடை இதுதான்."

அவர் கையிலிருந்த பொட்டலத்தைக் கட்டி முடித்தார். அப்புறம், "நின்னுக்கிட்டு வரணுமே" என்றார். படிக்கும்போது மூன்று வருடமும் நின்றுகொண்டுதானே வந்தீர்கள் என்றேன். அப்போதுதான் சிரித்தார்.

இந்த முறை அழைப்பிதழ் அடிக்கவில்லை. ஆறுமுகச்சாமியின் வாய்தான் அழைப்பிதழ். எந்த ஊரில் எந்த வீட்டில் எங்கள் பழைய பிள்ளை இருக்கிறது என்பது பதிவேட்டைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. எந்த வருடம் எந்தத் துறை என்று கேட்டால் தெரியாது. "டிரைவருக்குப் பின்னால ரெண்டாவது சீட்டு, சன்னலோரம், மஞ்சப்பை வச்சிருக்கும்" என்பார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆள் விட்டுச் சொன்னார். பிள்ளைகளும் தங்கள் தங்கள் ஊரில் சொன்னார்கள்.

முதல்வருக்கு இது பிடிக்கவில்லை. டிக்கெட் எடுப்பது எப்படி நன்கொடை ஆகும், படிவத்தில் என்ன எழுதுவது என்று கேட்டார். பிள்ளைகள் வராத கல்லூரிக்கு வளைவு எதற்கு சார், தீப்பெட்டி ஆபீஸ் வண்டி போய்வரவா என்று நானும் கேட்டுவிட்டேன். அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அவர் ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுக்கவில்லை.

முதல் வாரம் நாலைந்து பேர்தான் வந்தார்கள். மூன்றாவது வாரத்தில் இருபது. உர மூட்டையோடு ஒருவர், பெயிண்ட் டப்பாவோடு ஒருவர், கைக்குழந்தையும் கோழியுமாக ஓர் அம்மாள். அந்த அம்மாள் எனக்கு மூன்று வருடம் தவளை வரைந்து காட்டியவள். அவள் குழந்தைக்கு ஆறுமுகச்சாமி டிக்கெட் கேட்கவில்லை. வேண்டுமானால் போடுங்கள் என்று அவளே சொன்னாளாம்.

இதில் ஒரு வேடிக்கை. வண்டி கோவில்பட்டியிலிருந்தே நிரம்பி வந்ததால், எங்கள் பையன்கள் வீசிய டை எல்லாம் ஆட்களின் மடியில் போய் விழுந்தது. மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன், யாரோ பெரியவர் சீட்டை மறித்துக்கொண்டார் என்று என்னிடம் வந்து புகார் சொன்னான். அந்தப் பெரியவர் அவன் டையை எடுத்து விரித்துப் பார்த்து, "எங்க காலத்துல இதெல்லாம் இல்லடே. நாங்க துண்டுதான் போட்டோம்" என்றாராம். அப்புறம் எழுந்து அவனுக்கே இடம் கொடுத்தாராம். அவன் உட்காரவில்லை. வெட்கமாகிவிட்டது என்றான்.

அதற்குப் பிறகு வண்டியில் பேச்சு மாறியது. நீங்கள் எந்த வருடம், அப்போது இயற்பியலுக்கு யார், உடைமரம் அப்போதும் இப்படித்தான் நிழல் தருமா என்று பிள்ளைகள் கேட்க ஆரம்பித்தார்கள். பழையவர்கள் கோவில்பட்டி ஸ்டாண்டிலேயே துண்டு போட்டு, கல்லூரி நிறுத்தத்தில் ஏறும் பெண்பிள்ளைகளுக்கு இடம் பிடித்து வைத்தார்கள். பாட்டும் பேட்ஜும் செய்யாததை அந்த நெரிசல் செய்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

தங்கராஜ் தன் கடையிலிருந்து ஒரு கம்பி கொண்டுவந்து கொடுத்தார். அடியில் மரக்கட்டை வைத்து, மளிகைக் கடையில் சீட்டுக் குத்தி வைப்பார்களே, அது. பயணம் முடிந்த டிக்கெட்டைப் பழைய மாணவர்கள் மறுநாள் யாராவது பிள்ளையிடம் கொடுத்துவிடுவார்கள். அது ஆய்வகத்துக்கு வந்து கம்பியில் ஏறும். முதல்வருக்கு அத்தாட்சி வேண்டுமென்றால் இதோ இருக்கிறது என்று, தவளை ஜாடிகளுக்கு நடுவில் வைத்திருந்தேன். ஒரு நாள் நான் வகுப்பு முடித்து வந்தபோது முதல்வர் தனியாக அந்தக் கம்பியின் முன் நின்று, டிக்கெட்டுகளை விரலால் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "கம்பி பத்தாது போலிருக்கே மேடம்" என்றார். எங்களுக்குள் ராசியாகிவிட்டது.

இரண்டாவது மாதத்தில் நாற்பது டிக்கெட்டைத் தொட்ட நாட்களும் உண்டு. ஆனால் டெப்போவிலிருந்து பதில் இல்லை. அந்த மாதக் கடைசியில் போய்க் கேட்டோம். கணக்கு மேலே போயிருக்கிறது, ஒண்ணாந்தேதி வண்டி வந்தால் வந்தது என்றார் மேலாளர்.

நாலு நாற்பது

அப்படித்தான் அந்த ஒண்ணாந்தேதி உடைமரத்தடியில் நின்றோம்.

நாலு இருபத்தைந்து, நாலரை ஆனது. தனியார் வண்டி எப்போதோ பாட்டோடு போய்விட்டது. ஒரு மாட்டு வண்டி பருத்தி விதை மூட்டையோடு போனது. பெண்கள் சிலர் அந்தக் கருப்பு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

நாலு முப்பத்தைந்துக்கு முதல்வர் என் பக்கம் திரும்பினார். "நான் வேணா என் கார்ல நாலு நாலு பேரா கொண்டுபோய் விட்டுட்டு வாரேன் மேடம்" என்றார். முப்பது பெண்கள், போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவரோடு சண்டை போட்டதற்கு அந்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்டேன். அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேச்சிதான் முதலில் பார்த்தாள். "மேடம்" என்று மட்டும் சொன்னாள்.

ரோட்டின் வளைவில் சூரியனுக்குக் கீழே ஏதோ அசைந்தது. லாரியாக இருக்கும் என்று என் மனசு முந்திக்கொண்டு சொன்னது. ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தது. அந்தச் சாய்வு எங்களுக்குத் தெரியும். படிக்கட்டுப் பக்கம் ஆள் தொங்கினால் நாலு இருபது வண்டி அப்படித்தான் வரும்.

வயிற்றில் பால் வார்த்த மாதிரி என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், எழுதியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது என்னவென்று தெரிந்தது. உடைமரத்தைப் பிடித்துக்கொண்டேன். முள் குத்தியது வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

ஆறுமுகச்சாமி படியிலிருந்து இறங்கினார். நாங்கள் எல்லோரும் அவரையே பார்ப்பது ஏன் என்று அவருக்கு ஒரு கணம் புரியவில்லை.

"ரயில்வே கேட்டு அடச்சிட்டாங்க மேடம். கூட்ஸ் வண்டி, அது அசைஞ்சு அசைஞ்சு போறதுக்கு இருபது நிமிசம்" என்றார். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, "ஓட்டச் சொல்லி ஆர்டர் வந்துட்டு. மத்தியானம்தான் சொன்னாங்க, எப்படிச் சொல்லி விடுறது உங்களுக்கு?" என்றார்.

பிள்ளைகள் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த காக்கைகள் கிளம்பிவிட்டன. டைகள் பறந்தன. இந்தத் தடவை முதல்வர் அதை நன்றாகவே பார்த்தார்.

ஏறுகிற கூட்டத்துக்கு எதிராக ஒருவர் முட்டி மோதிக்கொண்டு இறங்கி வந்தார். பேச்சியின் அப்பா. கையில் ஒரு மருந்துப் புட்டி. ஆட்டுக்கு மருந்து வாங்கக் கோவில்பட்டி போயிருக்கிறார். பாட்டு வண்டி முன்னால் நின்றும் அதில் ஏறாமல் காத்திருந்து இதில் வந்திருக்கிறார். நேரே என்னிடம் வந்து, மடித்த டிக்கெட் ஒன்றை நீட்டினார்.

"இந்தாங்க டீச்சரம்மா. பிள்ளை சொல்லிச்சு, கம்பியில கோக்குதீங்களாம். நான் படிக்கல. எடுத்துக்கிடுவீங்களா?"

ஆறுமுகச்சாமி பின்னாலிருந்து, "யோவ், அதைக் குடுத்துட்டா வழியில செக்கர் ஏறினா என்னத்தக் காட்டுவீரு?" என்றார்.

நான் அந்த டிக்கெட்டை அவர் கையிலேயே திருப்பி வைத்தேன். "எடுத்துக்கிடுதேன். ஊர் போய்ச் சேர்ந்துட்டு, நாளைக்குப் பேச்சிகிட்ட குடுத்து விடுங்க" என்றேன்.

நாளைக்கு என்று சொன்ன பிறகுதான் அந்தச் சொல் என் காதில் விழுந்தது. அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். "சரி, நாளைக்கு" என்றார். டிக்கெட்டை வேட்டி மடிப்பில் பத்திரமாக வைத்துக்கொண்டு, மகளை முன்னால் விட்டு ஏறினார்.

வண்டி கிளம்பியது. ஜன்னல்களில் கைகள் நீண்டன. தங்கராஜ், கைக்குழந்தை அம்மாள், டை இல்லாத பையன்கள், பேச்சி. இந்தத் தடவை யார் கை எது என்று எங்களுக்குத் தெரியும். முதல்வர்தான் முதலில் கையைத் தூக்கினார். வண்டி எட்டயபுரம் ரோட்டில் புள்ளியாகிற வரை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

தரம் பார்க்கும் குழு பிறகு வந்தது, கம்பியைப் பார்த்தது, கொஞ்சம் சிரித்தது, ஏதோ எழுதிக்கொண்டு போனது. நான் வேலையில் இருந்தவரை வளைவு கட்டப்படவில்லை. முதல்வர் அதைப் பற்றி மறுபடி பேசவும் இல்லை.

அந்த ஒண்ணாந்தேதிக்கு மறுநாள் காலை முதல் பீரியட். ஆய்வகத்தில் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தேன். பேச்சி உள்ளே வந்து, நோட்டுக்குள்ளிருந்து அந்த டிக்கெட்டை எடுத்து, கம்பியின் நுனியில் குத்திவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். அதில் ஆட்டு மருந்து வாடை அடித்தது.